அறியாத் துறையில் நங்கூரம்

கடலில் செல்வோர்க்குக் கடலைக் காட்டிலும் கரையே அஞ்சத்தக்கது என்று நான் சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். ஆயினும் உண்மை அதுவே. நடுக்கடலில் சிறிய பாய்மரப் படகு ஒன்று மோதிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. அலை அதைத் தூக்கும், தாழ்த்தும், நனைக்கும். படகு நல்ல படகாகவும் அதைச் செலுத்துவோன் நிதானம் உள்ளவனாகவும் இருந்தால் அது மிதந்துகொண்டே இருக்கும். கரையை நெருங்கும்போதுதான் பாறை, மணல்திட்டு, நீரோட்டம், அலை உடையும் முகத்துவாரம் ஆகிய பகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன. அதுவும் முன்பின் பார்த்திராத துறை என்றால் அபாயம் பன்மடங்காகிறது. பசியும் தாகமும் களைப்புமாக வந்தவன், "கரை வந்துவிட்டது" என்று மனத்தைத் தளரவிடும் நேரமும் அதுவே. அந்த நேரத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களிடம் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் கடலோடி அல்லன். நெல் வயல்களுக்கு நடுவே பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, 33 ஆண்டுகள் சுண்ணக்கட்டியோடு காலம் கழித்தவன். இருப்பினும், 1983-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றியபோது, கடல் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. பாடம் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர்.

என் வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் கட்டுரைப் போட்டி ஒன்றுக்காகப் பல மாதங்களாகப் பாடுபட்டுப் படித்திருந்தனர். போட்டி திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, மேற்கே வெகுதொலைவில் இருந்த ஓர் ஊரில் நடைபெற இருந்தது. பேருந்து வசதி அக்காலத்தில் மிகக் குறைவு. மாணவருள் ஒருவனுடைய பாட்டனார் தம் வள்ளத்தில் அந்தப் பக்கமாகத் தம் மகள் வீட்டுக்குச் செல்வதாகக் கேள்விப்பட்டேன். "எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பெரியவரே" என்று கேட்டேன். அவரும் இசைந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாய் விரித்துப் புறப்பட்டோம்.

மாசி மாதம் ஆதலால் வாடை தணிந்து இளங்கொண்டல் வீசிக்கொண்டிருந்தது. நண்பகலில் அதுவும் ஓய்ந்துவிட்டது. பாய் தொங்கியது. மீண்டும் காற்றுப் பிடித்து, நாங்கள் போகவேண்டிய ஊருக்கு நேரே வந்தபோது கதிரவன் மேற்கே சாய்ந்துவிட்டான். முன்னே இரண்டு தீவுகள். அவற்றின் இடையே ஒரு வழி. அதற்கு அப்பால் கரையில் தென்னைகளும் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரமும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்னும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பெரியவர் அந்த ஊருக்கு அதுவரையில் தரை வழியாகவே போயிருக்கிறார்; கடல் வழியாகச் சென்றதில்லை. அவர் சுக்கானைத் திருப்பி, படகைக் கடலை நோக்கிச் செலுத்தலானார்.

நான் திடுக்கிட்டேன். நேரே தெரிந்த வழியை விரலால் சுட்டிக்காட்டி, "அதோ வழி தெரிகிறதே!" என்றேன். அவர் என் விரலைப் பார்க்கவேயில்லை. "வாத்தியாரையா, பகல்ல பார்க்காத வாசல்ல ராத்திரி நுழையக் கூடாது" என்றார். அவ்வளவுதான். நான் எவ்வளவோ வாதாடினேன். போட்டியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளின் உழைப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அவர் செய்தது சரியா, நான் சொன்னது சரியா என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அறியாத் துறையில் புகும் முறை இன்னதென்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவதாக, புகுவதற்கு முன்பே அறியத்தக்கதை அறிந்துகொள்ளுதல். கடல் வரைபடம் என்பது தரை வரைபடத்தைப் போன்றதன்று. அதில் நீர்ப்பரப்பு முழுவதும் சிறு சிறு எண்கள் நிறைந்திருக்கும். அவை ஆழத்தைக் குறிக்கும் எண்கள். கடல் நன்றாக வற்றியிருக்கும் தாழ்ந்த மட்டத்திலிருந்து அந்த ஆழங்கள் கணக்கிடப்பட்டிருக்கும். ஆகவே பெரும்பாலான நேரங்களில் உண்மையான ஆழம் அந்த எண்ணைவிடச் சிறிது கூடுதலாகவே இருக்கும். பாறைக்கு ஒரு குறி, மூழ்கிய கலத்துக்கு ஒரு குறி, அடித்தரை மணலா சேறா என்பதற்கு ஒரு குறி உண்டு. இவற்றோடு அந்த வரைபடம் எந்த ஆண்டில் அளந்து வரையப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மணல் இடம் பெயரும். புயல் ஒன்று அடித்தால் முகத்துவாரத்தின் வழியே மாறிவிடும். பழைய வரைபடத்தை முழுவதும் நம்புவது, பாட்டனார் காலத்து விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதைப் போன்றது.

துறைகளில் மிதக்கும் மிதவைகளின் நிறத்தையும் முன்பே கேட்டறிய வேண்டும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கவேண்டும். அமெரிக்க நாடுகளிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் அதே சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்கவேண்டும். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒழுங்கை வகுக்க 1980-ஆம் ஆண்டில் நாடுகள் கூடி உடன்பட்டபோதும், இந்த ஒரு வேறுபாடு மட்டும் நிலைத்துவிட்டது. தன் ஊர் வழக்கமே உலக வழக்கம் என்று எண்ணிச் செல்பவன், நல்ல வெளிச்சத்திலேயே பாறையில் ஏறுவான்.

வரைபடம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? தெரிந்தவனைத் துணைக்கொண்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூலில் நருமதையின் முகத்துவாரத்தைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது. இன்று பரூச் என்று வழங்கும் ஊர் அக்காலத்தில் பாரிகாசா எனப்பட்டது. அங்கே கடல் ஏற்றமும் இறக்கமும் மிகக் கடுமையானவை; மணல்திட்டுகளும் மிகுதி. ஆகவே அரசனுடைய பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் நீண்ட படகுகளில் ஆட்களோடு வெளியே வந்து, வரும் கலங்களை எதிர்கொண்டார்கள். கடல் ஏறத் தொடங்கும்போது கலத்தை நடத்திச் சென்றார்கள். கடல் வற்றும்போது ஆழமான மடுக்களில் அதை நங்கூரமிட்டு நிறுத்திவைத்தார்கள். 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இருந்த இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. எத்துணைப் பெரிய மீகாமனாயினும், அறியாத் துறையில் அவன் மாணவன்; அந்தத் துறையின் மீனவனே ஆசிரியன்.

நம் புறநானூற்றின் 30-ஆம் பாடலும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பாயை இறக்காமலும் சுமையைக் குறைக்காமலும் பெருங்கலம் ஒன்று புகார்த் துறையில் புகுந்ததை அப்பாடல் கூறுகிறது. இதை நான் வகுப்பில் நடத்தும்போது துறையின் பெருமை என்று மட்டும் சொல்லிவந்தேன். கடலோரத்தில் வாழ்ந்த பிறகுதான் இன்னொரு பொருளும் விளங்கிற்று. பாயை இறக்காமல் புகுந்தது பாடத்தக்க சிறப்பு என்றால், மற்றத் துறைகளில் பாயை இறக்கி, பாரத்தைக் குறைத்து, மெல்ல மெல்லப் புகுவதே வழக்கமாக இருந்திருக்க வேண்டும் அன்றோ?

இரண்டாவதாக, கண்ணும் கயிறும். கயிறு என்றால் ஆழம் பார்க்கும் கயிறு. அதன் முனையில் ஈயக்குண்டு கட்டியிருக்கும். கயிற்றில் பாகம் தோறும் ஒரு முடிச்சு அல்லது துணிக்கிழி இருக்கும். இரு கைகளையும் விரித்த அளவே ஒரு பாகம். ஏறத்தாழ ஆறு அடி. மேலைநாட்டு மாலுமிகளும் இதே அளவைத்தான் கையாண்டார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய கப்பல்களில் இரண்டு பாகம் ஆழம் உண்டு என்பதைக் கூவி அறிவிக்கும் சொற்றொடர் 'மார்க் ட்வெய்ன்' என்பதாகும். அவ்வாற்றில் கப்பல் வழிகாட்டியாக வேலை பார்த்த சாமுவேல் கிளெமன்ஸ் என்பவர் எழுத்தாளரானபோது அதையே தம் புனைபெயராகச் சூட்டிக்கொண்டார்.

ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கொழுப்பையோ சவர்க்காரத்தையோ அப்பிவிட்டால், அடித்தரையில் உள்ளது ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணல் வந்தால் மணல்தரை. சேறு வந்தால் சேற்றுத்தரை. ஒன்றுமே ஒட்டாமல் வந்தால் பாறை. கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் நல்ல விஞ்ஞானி.

இனிக் கண். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துப் படகைச் செலுத்துவது பழைய வழக்கம். ஒற்றைப் பனையும் கோயில் கோபுரமும் நம் மீனவர்க்கு அத்தகைய அடையாளங்கள். துறைமுகங்களில் இதற்காகவே முன்னும் பின்னுமாக இரண்டு கம்பங்கள் நாட்டியிருப்பார்கள். இரவில் இரண்டு விளக்குகள் எரியும். இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை முகத்துக்கு அருகிலும் மற்றொரு விரலைத் தொலைவிலும் நேராகப் பிடியுங்கள். தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். அருகில் உள்ள விரல் இடப்பக்கம் நகர்ந்ததாகத் தோன்றும். படகிலும் அப்படியே. முன் அடையாளம் எந்தப் பக்கம் விலகித் தோன்றுகிறதோ, அந்தப் பக்கமாகப் படகைத் திருப்பினால் மீண்டும் கோட்டுக்கு வந்துவிடலாம். நீரோட்டம் நம்மை அறியாமல் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதையும் இந்தக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பவளப் பாறைகள் உள்ள கடலில் நீரின் நிறமே எழுத்தாகும். கருநீலம் ஆழத்தைக் குறிக்கும். பச்சை, ஆழம் குறைவதைக் குறிக்கும். வெளிறிய நிறம் மணல் மேட்டையும், பழுப்பு நிறம் நீருக்குச் சற்றே கீழுள்ள பாறையையும் குறிக்கும். ஆனால் இந்த எழுத்தைப் படிப்பதற்கு விளக்கு வேண்டும். கதிரவன் உயரத்திலும் நமக்குப் பின்புறத்திலும் இருந்தால்தான் நிறங்கள் தெளியும். எதிரே தாழ்ந்து நின்றால் கடல் முழுவதும் ஒரே வெள்ளித் தகடாகப் பளபளக்கும். அடியில் இருப்பது ஒன்றும் தெரியாது. ஆகையால் பவளக் கடலில் அறியாத வழியே புகவேண்டுமானால், வெயில் ஏறிய பிறகு, அதை முதுகில் வாங்கிக்கொண்டு, அணியத்தில் ஒருவனை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லி, மெதுவாகப் புகவேண்டும்.

மூன்றாவதாக, காலமும் திரும்பும் வழியும். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது புகுவது நலம். தரை தட்டினாலும் சிறிது நேரத்தில் ஏறும் நீரே படகைத் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரையில் சாய்ந்து கிடக்க நேரிடும். வேகம் வேண்டுவதில்லை, பாயைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தோடு மோதினால் பலகை உடையும். மெல்லத் தட்டினால் சுவடு மட்டும் விழும். நங்கூரத்தைக் கயிற்றோடு முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே செல்லும் ஒவ்வொரு கணத்திலும், "இப்போது திரும்ப முடியுமா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே செல்லாது. பின்காற்றில் எளிதாக உள்ளே போய்விடலாம். அதே காற்றை எதிர்த்து, குறுகிய வழியில், வெளியே வருவது பெரும்பாடு. திரும்ப இடம் இல்லாத இடம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

நான்காவதாக, நங்கூரம். நங்கூரம் தன் எடையினால் படகை நிறுத்துகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மை அன்று. அதன் கொக்கி தரையில் புதைவதனாலேயே நிறுத்துகிறது. கொக்கி புதைய வேண்டுமானால் இழுப்பு ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கவேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி அமைந்து, கொக்கியைப் பிடுங்கிவிடும். ஆகவே ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு, காற்று மிகுந்தால் ஏழு மடங்கு கயிறு விடுவது வழக்கம். கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஆழம் 3 மீட்டர். கடல் இன்னும் 1 மீட்டர் ஏறும். நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர். ஆகக் கூட்டினால் 5 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 25 மீட்டர். ஏழு மடங்கு என்றால் 35 மீட்டர். 3 மீட்டர் ஆழம்தானே என்று 15 மீட்டர் கயிறு விட்டவன், கடல் ஏறிய நள்ளிரவில் தன் படகு நகர்வதைக் காண்பான்.

படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாயை இறக்கி, அது நின்று பின்னே நகரத் தொடங்கும்போது நங்கூரத்தைத் தாழ இறக்க வேண்டும். வீசி எறிந்தால் கயிறு அதன்மேலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு படகு கயிற்றைச் சுற்றி வட்டமிட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவில் கரையில் பக்கவாட்டாக இரண்டு அடையாளங்களை வரிசைப்படுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். அவை விலகாமல் நின்றால் நங்கூரமும் நிற்கிறது என்று பொருள்.

"ஐயா, இக்காலத்தில் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே; கையில் உள்ள கருவி நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழையோடு சொல்லிவிடுகிறதே; ஈயக்குண்டும் பனைமரமும் எதற்கு?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. கருவி, நாம் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கிறது. பாறை இருக்கும் இடத்தைச் சொல்வது வரைபடம். உலகின் ஒதுக்குப்புறக் கடல்கள் சிலவற்றில் வரைபடத்தின் அடிப்படை 19-ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு போட்டு அளந்த கணக்கே. அத்தகைய வரைபடத்தில் ஒரு தீவே தன் உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி வரையப்பட்டிருக்கலாம். மேலும் கருவி இருந்தால் போதாது. அதைப் பார்க்கவும் வேண்டும். 2014-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஓடிய பாய்மரப் படகு ஒன்று, மொரீசியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஹோஸ் என்னும் பவளத் திட்டில் இரவில் மோதியது. தேர்ந்த மாலுமிகள் ஒன்பதின்மர் அதில் இருந்தனர். நவீனக் கருவிகள் யாவும் இருந்தன. மின்னணு வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது மறைந்துவிடும் பாறைகளை, பெரிதாக்கிப் பார்க்கத் தவறியதே அந்த விபத்தில் பெரும் பங்கு வகித்தது. நல்வாய்ப்பாக அனைவரும் உயிர் தப்பினர்.

இதற்கு எதிராக, ஏறத்தாழ ஒரு கருவியும் இல்லாமல் அறியாத் துறையில் புகுந்து வென்ற ஒரு படகின் வரலாற்றைச் சொல்கிறேன்.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் தென்முனைக் கண்டத்துக்குச் சென்ற 'எண்டியூரன்ஸ்' என்னும் கப்பல் பனிக்கட்டியால் நொறுக்கப்பட்டு 1915-ஆம் ஆண்டு நவம்பரில் மூழ்கியது. (அதன் உடல் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது.) அதில் இருந்த 28 பேரும் பனியிலும் படகுகளிலுமாக அல்லற்பட்டு, ஆள் நடமாட்டம் அற்ற எலிஃபண்ட் தீவை அடைந்தனர். உதவி கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 800 மைலுக்கு அப்பால் உள்ள தென் ஜார்ஜியாத் தீவுக்குத்தான் போகவேண்டும். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், 'ஜேம்ஸ் கெயர்டு' என்னும் 22½ அடி நீளமுள்ள படகில் அறுவர் புறப்பட்டனர். வழி கணிப்பவர் ஃபிராங்க் வொர்ஸ்லி. உலகின் மிகக் கொடிய கடல் அது. மேகம் மூடிய வானத்தில் கதிரவனை அளந்து பார்க்க அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் ஏறத்தாழ நான்கே.

இங்கே வொர்ஸ்லியின் அறிவைக் கவனியுங்கள். திமிங்கில வேட்டைக்காரர்களின் குடியிருப்புகள் தீவின் மறுபுறத்தில், வடகிழக்குக் கரையில் இருந்தன. நேரே அங்கே செல்லவே மனம் விழையும். ஆனால் தம் கணக்கில் பத்து மைல் வரையில் பிழை இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். மறுகரையை நோக்கிச் சென்று தீவைத் தவறவிட்டால், ஓயாத மேலைக்காற்று படகை அட்லாண்டிக் பெருங்கடலின் வெறுவெளியில் தள்ளிவிடும். திரும்பி வர முடியாது. எனவே ஆளில்லாத மேற்குக் கரையையே குறியாக வைத்தார்கள். தன் பிழையின் அளவை உணர்ந்து, அந்தப் பிழை நேர்ந்தாலும் உயிர் தப்பும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல் என்பது இதுவே.

மே 8-ஆம் நாள் நண்பகலுக்குப் பின் கரை தெரிந்தது. குடிநீர் கெட்டுப்போயிருந்தது, நா வறண்டு வீங்கிய நிலையில் அவர்கள் இருந்தனர். எதிரே ஓடைகள் பாயும் கரை. ஆனால் அறியாத பாறைகள்மீது பேரலைகள் உடைந்துகொண்டிருந்தன, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஷாக்கிள்டன் இறங்க மறுத்தார். படகைத் திருப்பி மீண்டும் கடலுக்கே சென்றனர். அன்றிரவு எழுந்த காற்று மறுநாள் பெரும்புயலாயிற்று. படகு கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அன்னென்கோவ் தீவின் பாறைகளில் மோதுவதற்கு நூலிழையில் தப்பியது. 'நேற்றே இறங்கியிருக்கலாமே' என்று அவர்களுள் எவரேனும் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

மே 10-ஆம் நாள் கிங் ஹாக்கன் விரிகுடாவின் முகத்துக்கு வந்தனர். குறுக்கே பாறை வரிசை ஒன்று அலையடித்துக் கிடந்தது. அதில் ஓர் இடைவெளி. காற்று விரிகுடாவின் உள்ளிருந்து நேர் எதிரே வீசத் தொடங்கியது. ஒரு முறையில் புக முடியவில்லை. குறுக்கும் மறுக்குமாகப் பலமுறை திரும்பித் திரும்பி, அந்த இடைவெளியைக் கடந்தனர். பொழுது மங்கும் நேரத்தில் தென்புறத்தில் சிறிய குடா ஒன்று கண்ணில் பட்டது. அதன் வாய் மிகக் குறுகல். துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய முடிந்தது. அலை ஒன்று படகைத் தூக்கிக் கூழாங்கல் கரையில் சேர்த்தது. அருகே நன்னீர் ஓடை ஒன்று சலசலத்தது. அறுவரும் மண்டியிட்டுப் பருகினார்கள். பின்னர் அவர்களுள் மூவர் பனிமலைகளைக் கடந்து மே 20-ஆம் நாள் ஸ்ட்ரோம்னெஸ் குடியிருப்பை அடைந்ததும், எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்டு 30-ஆம் நாள் ஒருவர் குறையாமல் மீட்கப்பட்டதும் உலகறிந்த செய்திகள். மே 8-ஆம் நாள் மாலையில் தாகத்துக்கு இணங்கி அந்தப் பாறைகளின் இடையே புகுந்திருந்தால், அந்த 22 பேருக்கும் செய்தி சொல்ல ஆள் இருந்திருக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பெரியவர் கடலுக்குள் வெகுதூரம் சென்று, ஈயக்குண்டை இறக்கி, ஐந்து பாகத்தில் மணல் ஒட்டி வந்ததைக் கண்ட பிறகே நங்கூரம் போட்டார். இரவு முழுவதும் படகு தொட்டில்போல் ஆடியது. நான் குமட்டிக் குமட்டி உண்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. கரையில் விளக்குகள் தெரிந்தன. யாரோ பாடும் பாட்டுக்கூட இடையிடையே காதில் விழுந்தது. மாணவர் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். பெரியவர்மீது எனக்கு ஏற்பட்ட சினத்தை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படிப்பில்லாதவருக்குப் போட்டியின் அருமை எங்கே தெரியப்போகிறது என்றுகூட மனத்துக்குள் எண்ணினேன்.

விடிந்தது. அவர் அப்போதும் புறப்படவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். வெயில் ஏறி முதுகில் சுடத் தொடங்கிய பிறகே பாயைப் பாதி விரித்தார். பேரனை அணியத்தில் நிறுத்தினார். தீவுகளின் இடையே வந்தோம். "ஐயா, கீழே பாருங்க" என்றான் பையன். நான் எட்டிப் பார்த்தேன். முந்தைய மாலை நான் விரலால் சுட்டிக்காட்டிய அதே வழியில், தெளிந்த நீருக்கு அடியில், ஒரு முழ ஆழத்தில், பழுப்பு நிறத்தில் பவளப் பாறை ஒரு மதிலைப்போல் நீண்டு கிடந்தது. மாலை வெயிலில் அது வெள்ளித் தகடாகத் தெரிந்த இடம். உண்மையான வழி அதற்கு வெகு கிழக்கே, தீவை ஒட்டி, கருநீலமாகச் சென்றது. பெரியவர் அதன் வழியே மெல்லப் படகை நடத்தினார். என்னைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் கரை இறங்கியபோது மணி பத்தரை. போட்டி முடியும் தறுவாயில் இருந்தது. பிள்ளைகளை உள்ளே விடவில்லை. அன்று அவர்கள் அழுதார்கள். அவர்களைத் தேற்ற எனக்குச் சொல் வரவில்லை. பாறையைப் பார்த்தீர்கள் அல்லவா என்று மட்டும் கேட்டேன்.

அந்தத் தீவுகள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் சேர்ந்தவை. 1986-ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அனுமதியின்றி அங்கே எவரும் செல்லலாகாது. பெரியவரும் மறைந்துவிட்டார். அவருடைய பேரனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தில் சந்தித்தேன். தலை நரைத்திருந்தான். போட்டியின் தலைப்பு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இல்லீங்க ஐயா, மறந்துபோச்சு. அந்தப் பாறையோட நிறம் மட்டும் மறக்கலை" என்றான்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் வாழ்நாளில் சுக்கானைத் தொடாமலே இருக்கலாம். ஆனால் புதிய ஊர், புதிய கல்லூரி, புதிய வேலை என்று அறியாத் துறைகள் பல உங்களுக்கு முன்னே இருக்கின்றன. அவற்றுள் புகும்போது உள்ளூரானைக் கேளுங்கள். ஆழத்தை நீங்களே அளந்து பாருங்கள். வெளிச்சம் முதுகுப்புறம் வரும்வரையில் காத்திருங்கள். கரையில் விளக்குத் தெரியும்போது காத்திருப்பது மிகவும் கடினம். அந்த இரவில் நான் அதைச் செய்யவில்லை. என்னைச் செய்யவைத்தார் ஒருவர். உங்களை அவ்வாறு தடுப்பவர் எவரேனும் வாய்த்தால், அவர்மீது சினம் கொள்வதற்கு முன் விடியும்வரையிலாவது பொறுத்திருங்கள்.